வருஷம் தெரியாத கடிகாரம்

1980 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, கிரீனிச் நேரப்படி நள்ளிரவு. ஜிபிஎஸ்ஸின் காலக்கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தச் செயற்கைக்கோள்களுக்கு மாதமும் கிடையாது, வருஷமும் கிடையாது. அன்றிலிருந்து இது எத்தனையாவது வாரம், இந்த வாரத்தில் இது எத்தனையாவது நொடி, அவ்வளவுதான் தெரியும். அதிலும் வார எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் வெறும் 10 பிட். 0 முதல் 1023 வரை எண்ணலாம். அதற்கடுத்த வாரம் மறுபடியும் 0.

அணுக்கடிகாரத்தை விண்ணுக்கு அனுப்பிவிட்டு வார எண்ணில் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று தோன்றும். ஆனால் அங்கிருந்து செய்தி வரும் வேகம் நொடிக்கு 50 பிட். முழுச் செய்தியும் ஒரு சுற்று வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பிட்டும் காசு. 1970களில் உட்கார்ந்து யோசித்தால் 1024 வாரம், அதாவது 19 வருஷத்துக்கும் மேல், தாராளமான கணக்குதான்.

1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் வார எண் முதல் முறையாக 0க்குத் திரும்பியது. உலகம் அப்போது Y2K பீதியில் இருந்ததால் பொதுமக்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது முறை 2019 ஏப்ரல் 6. அன்று நியூயார்க் நகராட்சியின் சொந்த வயர்லெஸ் நெட்வொர்க்கே படுத்துவிட்டது.

எல்லா ரிசீவர்களும் அந்த ஒரே நாளில் குழம்பியிருந்தால் கூடச் சமாளித்திருக்கலாம். தயாரிப்பாளர்கள் ஃபர்ம்வேருக்குள் ஒரு அடிப்படை வாரத்தை எழுதிவைப்பார்கள். 'இதற்கு முந்தைய தேதி வரவே வராது' என்ற அனுமானத்தில் ரிசீவர் வருஷத்தை ஊகிக்கும். அந்த அடிப்படை வாரத்திலிருந்து 1024 வாரம் தாண்டினால் ஊகம் காலி. ஆக ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு நாளில் ஆயுள் முடிகிறது. அந்தத் தேதி பெட்டியின் மேல் அச்சிடப்படுவதும் இல்லை.

என் வீட்டில் ஒரு டைம் சர்வர் ஓடுகிறது. ஒரு ராஸ்பெர்ரி பை, பழைய ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று, மொட்டைமாடியில் ஆன்டெனா. எதுக்கு என்று கேட்காதீர்கள், வீட்டிலேயே யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். 2023 பொங்கலன்று அந்த ரிசீவர் 2003 ஜூன் 1 என்று தேதி காட்டியது. மணி, நிமிடம், நொடி எல்லாம் கச்சிதம். கேபிளை ஆட்டிப் பார்ப்பது, பவரை எடுத்துப் போடுவது என்ற வழக்கமான சடங்குகள் முடிந்ததும் காலண்டரைத் திறந்தேன். 2023 பொங்கல் ஞாயிறு. 2003 ஜூன் 1ம் ஞாயிறு. இடையில் 7168 நாட்கள், அதாவது மிகச் சரியாக 1024 வாரம்.

கிழமை சரி, வருஷம் தப்பு. இந்த நோய்க்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

இந்த மாதிரி ரிசீவரிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, சீரியல் கம்பி வழியாகத் தேதியும் நேரமும் எழுத்தாக வரும். ஆடி அசைந்து, சில நூறு மில்லிநொடி தாமதமாகத்தான் வரும். இன்னொன்று பிபிஎஸ், நொடிக்கு ஒரு மின்துடிப்பு. 'இதோ, இப்போது' என்பதை மைக்ரோநொடிக்கும் குறைவான பிழையோடு சொல்லும். எந்த நொடி என்று சொல்லாது. துடிப்பில் வருஷமே இல்லாததால் வருஷத்தில் தப்பும் வராது. என் ரிசீவரில் கெட்டுப்போனது எழுத்து மட்டும்தான்.

இதைச் சரிசெய்யும் வழியை டேவிட் மில்ஸ் எப்போதோ போட்டுவைத்துவிட்டார். கணினிகள் ஒன்றுக்கொன்று நேரம் கேட்டுக்கொள்ளும் என்டிபி முறையின் ஆவணம் அவர் பெயரில் 1985இல் வெளியானது. அந்த முறை எந்தக் கடிகாரத்தையும் தனியாக நம்புவதில்லை. பல பேரிடம் கேட்கும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவரை 'ஃபால்ஸ்டிக்கர்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடும். இரண்டே கடிகாரம் இருந்தால் பொய் சொல்வது யார் என்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் நாலைந்து பேராவது வேண்டும். இப்போது என் சர்வர் வருஷத்தையும் நொடியின் எண்ணையும் இணையத்தில் உள்ள சில சர்வர்களிடம் கேட்கிறது. ரிசீவரிடம் துடிப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

ஒருவரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 நவம்பர் 19 நல்ல உதாரணம். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் 'டிக்', 'டாக்' என்ற இரண்டு டைம் சர்வர்களும் அன்று கொஞ்ச நேரம் இது 2000ஆம் வருஷம் என்று சொல்லின. அவர்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அலுவலக நெட்வொர்க்குகளில் லாகின் நின்றுபோனது. ஐந்து நிமிட வித்தியாசத்தையே பொறுக்காத ஏற்பாட்டிடம் பன்னிரண்டு வருஷம் பின்னால் போய் நின்றால் கதவு எப்படித் திறக்கும்?

வானமே தப்பு சொன்னதும் உண்டு. 2016 ஜனவரி 26 அன்று, 1990இல் ஏவப்பட்ட ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அப்போது தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளில் நேர்ந்த கோளாறால், உலகப் பொது நேரத்துக்கான திருத்தம் 13 மைக்ரோநொடி பிசகிப் போய்ச் சேர்ந்தது. வழிகாட்டும் வேலைக்கு ஒரு பாதிப்பும் இல்லை. பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் வானொலி தடுமாறியது.

ஜிபிஎஸ்ஸின் புதிய சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட் கொடுத்துவிட்டார்கள். 157 வருஷம் தாங்கும். பழைய சிக்னலும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது, என்னுடையது போன்ற ரிசீவர்களுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். இந்தியாவின் நாவிக் தன் காலக்கணக்கைத் தொடங்கும் புள்ளி 1999 ஆகஸ்ட் 22, அதாவது ஜிபிஎஸ் முதல் முறை 0க்குத் திரும்பிய அதே நள்ளிரவு. அதன் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களின் செய்தியிலும் வாரத்துக்கு 10 பிட்தான். அதனால் இரண்டும் ஒரே கணத்தில்தான் மறுபடி 0க்குத் திரும்பும்: 2038 நவம்பர் 20 நள்ளிரவு, நமக்கு மறுநாள் ஞாயிறு காலை ஐந்தரை மணி.