ஜவ்வாது மலைக்கு ஒரு படக் கார்டு

பழைய பாணியில் புதிதாக அச்சிட்ட பிரயாணப் படக் கார்டுகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. ஓரம் சற்றே பழுப்பேறியிருக்க வேண்டும்; வானம் வெளிர் நீலமாகவும் மலை ஊதாவாகவும் இருக்க வேண்டும்; கீழே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். உதகைக்குப் போகிறவர் அங்கே நெரிசலில் இடிபட்டுத் திண்டாடுகிறார். ஆனால் திரும்பும்போது அவர் காசு கொடுத்து வாங்கி வருவதோ, ஒரு ரயில் மட்டும் தன்னந்தனியே மலை ஏறுகிற கார்டைத்தான்! இந்த ஆசையைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அது உண்டு. ஆயினும் அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் விசாரிப்பதில் தவறில்லை அல்லவா?

தபால் கார்டு 1869-ல் ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1879 ஜூலை முதல் தேதி, காலணா விலையில் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. படம் அதன்மேல் ஏறியது பிற்பாடுதான். ஆரம்பத்தில் ஒரு பக்கம் முழுவதும் விலாசத்துக்கே சொந்தம். ஆகையால் க்ஷேம லாபங்களைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். 1902-ல் பிரிட்டனில் விலாசப் பக்கத்தை நடுவே கோடு கிழித்து, ஒரு பாதியைக் கடிதத்துக்குக் கொடுத்தார்கள். மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. படத்துக்கு ஒரு பக்கம் முழுசாகக் கிடைத்தது. அப்புறம் கேட்பானேன்? உலகத்துக்கே கார்டுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கம்பெனியும், வீலே அண்டு க்ளைன் என்ற புகைப்படக் கம்பெனியும் இந்த வியாபாரத்தில் இறங்கின. அந்தக் காலத்துக் கார்டுகளில் பல, ஜெர்மனியில் அச்சாகி வந்தவை. இங்கே எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். அதற்கு நிறம் சேர்த்ததோ, நம் ஊரைக் கண்ணால் பார்த்தே இராத அச்சுக்கூடத்துக் கைகள். ‘ஆகா, அந்தக் காலத்து நிறம்!’ என்று நாம் உருகுகிறோமே, அந்த நிறம் அந்தக் காலத்திலேயே பாதி கற்பனைதான்.

நான் புரட்டிய பழைய கார்டுக் கட்டுகளில் உதகை உண்டு, குன்னூர் உண்டு, கொடைக்கானல் உண்டு. ஜவ்வாது மலை மட்டும் ஒரு தடவைகூட அகப்பட்டதில்லை. அழகுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. வழிதான் இல்லையா என்றால், அதுவும் இல்லை. 1864 முதல் பெங்களூர் ரயில் வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாக இந்த மலைப் பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது. துரைமாரும் துரைசானிகளும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்கள், இறங்கவில்லை. படக் கார்டு அழகைத் தேடிப் போவதில்லை. விடுமுறைக்குப் போனவனைத் தேடிப் போகிறது. சென்னை ராஜதானியின் சர்க்காரே கோடையில் உதகைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கிளப் இருந்தது. 1908-ல் மலை ரயிலும் வந்தது. ‘நான் இங்கே சுகம்’ என்று சீமைக்கு எழுத ஆட்களும் இருந்தார்கள். ஜவ்வாது மலையில் இருந்தவர்களோ சாமை விதைத்துப் பிழைத்த மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையில் வாழ்வதால் அந்தப் பெயர் பெற்ற, தமிழ் பேசும் பழங்குடி மக்கள்.

கார்டில் ஏறாததும் ஒரு பாக்கியமே என்று சில சமயம் தோன்றுகிறது. நீலகிரித் தோடர்கள் ஏறினார்களே, எப்படி ஏறினார்கள்? ‘தோடர்கள்’ என்ற ஒற்றை வார்த்தையாக ஏறினார்கள். சமவெளியின் வண்ணாரும் நாவிதரும் ஆயாவும் அப்படியேதான். படத்தை வெளியிட்ட கம்பெனியின் பெயர் ஓரத்தில் இருக்கும். படத்தில் நிற்கும் மனிதரின் பெயரைக் காண்பது அரிது. மலைக்குப் பெயர், அருவிக்குப் பெயர், மனிதருக்கு மட்டும் இனமும் தொழிலும்!

ஜவ்வாது மலை வெளியுலகுக்குத் தெரிய வந்ததே வேறு விதங்களில். நகர விளக்குகள் எட்டாத அதன் இருட்டை விரும்பி, 1968-ல் காவலூரில் வானாராய்ச்சிக் கூடம் தொடங்கினார்கள், 1986-ல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே கண் திறந்தது. விஞ்ஞானிகள் அந்த மலையிலிருந்து நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். 2015 ஏப்ரல் 7-ல், ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலி தேடி மலை இறங்கியவர்களின் ஊர்ப் பெயர்கள் அன்றுதான் பத்திரிகைகளில் அடிபட்டன.

இப்போது பீமன் அருவிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் ஜனங்கள் உல்லாசப் பிரயாணம் போகத் தொடங்கிவிட்டார்கள். யாராவது ஒரு வாலிபச் சித்திரக்காரர் ஊதா மலையும் வெளிர் நீல வானமுமாக ஜவ்வாது மலைக்கும் பழைய பாணியில் ஒரு கார்டு போடுவார். போடட்டும், முதல் பிரதியை நானே வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் இரண்டே விண்ணப்பங்கள். சாமைக் கொல்லையில் ஒரு பெண்ணை வரைந்தால், யாரைப் பார்த்து வரைந்தாரோ அவரைக் கேட்டுக்கொண்டு, கீழே அவர் பெயரையும் போடவேண்டும். ஓரத்தில் அந்தக் காலத்துக் கார்டு மாதிரி எழுதக் கொஞ்சம் இடமும் விடவேண்டும்.

உதகைக் கார்டுகளை எழுதியவர்கள் மலைக்கு விருந்தாடப் போனவர்கள். படத்தில் நின்ற தோடப் பெண் யாருக்கு என்ன எழுதியிருப்பாள் என்பதைச் சொல்ல ஒரு கார்டும் இல்லை. ஜமுனாமரத்தூரில் இன்று பள்ளிக்கூடம் இருக்கிறது, எழுதத் தெரிந்த குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த ஓரத்தில் முதல் வரியை அவர்கள் எழுதட்டும். விலாசத்தை வேண்டுமானால் நாம் எழுதிக்கொள்ளலாம்.