டர்போ கார்களின் கதை - வேகமும் வெப்பமும்

காரின் பின்புறம் 'டர்போ' என்று எழுதியிருந்தால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வேகம்தான். ஆனால் அந்தக் கார்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால் வேகத்தைவிட வெப்பத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பழைய டர்போ கார் ஒன்றைப் பராமரிக்கவோ அதன் திறனைக் கூட்டவோ நினைப்பவர்கள் இந்த வரலாற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

புகையிலிருந்து ஒரு யோசனை

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை கோரியது 1905-ஆம் ஆண்டில். எஞ்சினிலிருந்து சூடாக வெளியேறும் புகை வீணாகத்தானே போகிறது, அதைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. ஒரு தண்டின் ஒரு முனையில் புகையால் சுழலும் டர்பைன். மறுமுனையில் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரசர். காற்று அதிகம் போனால் அதற்கேற்ப எரிபொருளையும் அதிகம் எரிக்கலாம். 1925-இல் அவர் ஒரு பத்து சிலிண்டர் டீசல் எஞ்சினின் திறனை 1,750-லிருந்து 2,500 குதிரைத்திறனாக உயர்த்திக் காட்டினார்.

டீசலுக்கு ஒத்துப்போன இந்த முறை பெட்ரோல் கார்களில் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. காற்றை அமுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சின் வெறும் காற்றைத்தான் அமுக்குகிறது. பெட்ரோல் எஞ்சினோ காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை அமுக்குகிறது. சூடு எல்லை மீறினால் அந்தக் கலவை சீராக எரியாமல் பட்டென்று தானாகவே வெடிக்கும். இதைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டனே உடைந்துவிடும்!

1962 - இரண்டு கார்கள், இரண்டு வழிகள்

1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து இரண்டு டர்போ கார்கள் வந்தன. செவ்ரோலே கோர்வேர் மான்சா ஸ்பைடர் காரில் எஞ்சினின் அழுத்த விகிதத்தை 8-ஆகக் குறைத்து நாக்கிங்கைத் தவிர்த்தார்கள். அதன் திறன் 150 குதிரைத்திறன்.

ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வேறு வழியில் போனது. 3.5 லிட்டர் அலுமினிய வி-8 எஞ்சின், 215 குதிரைத்திறன். அழுத்த விகிதத்தை 10.25-லேயே வைத்துக்கொண்டார்கள். வெப்பத்தைத் தணிக்க ஒரு தனித் தொட்டியில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் இருந்தது. அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர். டர்போ அழுத்தம் ஏறும்போது இது எஞ்சினுக்குள் போகும். திரவம் தீர்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சினுக்கு ஆபத்து வராமலிருக்க அழுத்தமும் தானாகக் குறைக்கப்படும்.

காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் பெட்ரோல் போடுவதோடு இன்னொரு தொட்டியையும் நிரப்ப வேண்டும் என்பது பலருக்குப் பழகவில்லை. திரவம் தீர்ந்த காரில் வேகம் வராது, உடனே 'கார் சரியில்லை' என்ற புகார் வரும். இரண்டு ஆண்டுகளில் சுமார் 9,600 கார்களோடு உற்பத்தி நின்றுபோனது. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுத்தார்கள். முழு டர்போ அமைப்போடு இன்று எஞ்சியிருப்பவை மிகக் குறைவு.

எஞ்சினே காது கொடுத்துக் கேட்டது

ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ 2002 டர்போ 1973-இல் வந்தது. அதே நேரத்தில் எண்ணெய் நெருக்கடியும் வந்ததால் 1,672 கார்களோடு அதன் கதை முடிந்தது. 1977-இல் சுவீடனின் சாப் நிறுவனம் 99 டர்போவை அறிமுகம் செய்தது. 2 லிட்டர் எஞ்சின், 145 குதிரைத்திறன். அழுத்தம் அளவை மீறினால் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேட்' வால்வு அதில் இருந்தது.

அடுத்த பெரிய முன்னேற்றமும் சாப் நிறுவனத்திடமிருந்தே வந்தது. 1982 மாடல் 900 டர்போவில் எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சரைப் பொருத்தினார்கள். நாக்கிங்கின் அதிர்வு தெரிந்த உடனே டர்போ அழுத்தம் தானாகக் குறையும். ஜெட்ஃபயரில் சொந்தக்காரர் நினைவு வைத்துச் செய்ய வேண்டியிருந்த காவலை இங்கே எஞ்சினே ஏற்றுக்கொண்டது.

எண்ணெய் என்னும் உயிர்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. வேகமாக ஓட்டிவிட்டு உடனே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். பேரிங்கில் தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டிலேயே கருகிக் கரியாகும். அதனால்தான் பழைய டர்போ கார்களை நிறுத்துமுன் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிடச் சொல்வார்கள். 1980-களில் தண்ணீரால் குளிரூட்டப்படும் பேரிங்குகள் பரவிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

வரலாறு சொல்லும் பாடம்

பழைய கார்களில் வேஸ்ட்கேட்டை இயக்கும் கம்பியைச் சற்றுத் திருகினாலே அழுத்தம் கூடிவிடும். செலவே இல்லாத வேலை! ஆனால் கூடிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராவிட்டால் கலவை நீர்த்து, சூடு ஏறி, நாக்கிங் தொடங்கும். அந்தச் சத்தம் ஓட்டுபவர் காதில் விழும் முன்பே பிஸ்டன் பழுதாகியிருக்கலாம். செலவில்லாத வேலை கடைசியில் ஒரு முழு எஞ்சினையே செலவு வைத்துவிடும்.

எனவே முதலில் எஞ்சினின் ஆரோக்கியத்தைப் பார்க்க வேண்டும். எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறதா, காற்றுக் குழாய்களில் வெடிப்பு உண்டா, எண்ணெயும் கூலன்ட்டும் புதிதா என்று சோதிக்க வேண்டும். அடுத்து, அழுத்தம் காட்டும் மீட்டரும் கலவையின் விகிதத்தை அளக்கும் ஆக்சிஜன் சென்சரும் தேவை. அழுத்தத்தைக் கூட்டுவது கடைசி வேலை. அதையும் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்தே செய்ய வேண்டும்.

பழைய கார் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ, அந்த ஆண்டுக்குரிய பாதுகாப்பு மட்டுமே அதில் இருக்கும். மீதிக் காவலைச் சொந்தக்காரர்தான் செய்தாக வேண்டும். ஜெட்ஃபயரில் எரிந்த அந்தச் சின்ன விளக்கைப் பலரும் பொருட்படுத்தவில்லை. அதன் விலை, காரிலிருந்து டர்போவே போனது!