சுடாத துப்பாக்கி: மார்ஷலின் கணக்கும் போர்முனை வீரமும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படையினருள் 100க்கு 15 முதல் 25 பேரே எதிரியை நோக்கிச் சுட்டனர் என்று அமெரிக்கப் படை வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதினார். ‘மென் அகெய்ன்ஸ்ட் ஃபயர்’ என்ற அந்நூலை நம்பிய ஒரு சாரார், கொலைக்கு மனித மனம் இயல்பாகவே கூசும் என்பதற்கு இதைச் சான்றாக்கினர். 1980களின் இறுதியில் எழுந்த மறுப்போ கணக்கோடு நூலையும் சேர்த்தே தள்ளியது. எண்ணைச் சுற்றி மார்ஷல் எழுதியவற்றை இரு சாராரும் போதிய அளவு கவனிக்கவில்லை.

எண் நிற்காது, இதில் நான் மறுப்பாளர் பக்கம். சுமார் 400 காலாட்படைக் கம்பெனிகளை விசாரித்ததாக மார்ஷல் சொல்கிறார். பசிபிக்கின் மேக்கின் தீவில் அவர் இந்த விசாரணையைத் தொடங்கியது 1943 நவம்பரில். ஜெர்மனி சரணடைந்தது 1945 மே மாதம். சண்டையில் பிழைத்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, யார் எங்கே கிடந்தார், எதைக் கண்டார், அடுத்து என்ன செய்தார் என்று கேட்பார். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார். ஒரு கம்பெனிக்கே இரண்டு மூன்று நாள் பிடிக்கும் வேலை இது. 18 மாதத்தில் 400 எப்படி? எஞ்சியிருக்கும் அவருடைய களக் குறிப்பேடுகளிலும் சுட்டவர், சுடாதவர் என்ற கணக்கைக் காணோம்.

ஆனால் சுடாதவனைப் பற்றி நூல் தரும் சித்திரத்துக்கு இந்த விழுக்காடு தேவையில்லை. அவன் ஓடவில்லை. சுட்டவனுக்கு இருந்த அதே ஆபத்தில், தன் குழியிலேயே கிடந்தான். பக்கத்தில் யார் உயிரோடிருக்கிறார் என்று தெரியாது. ஒரு குரலும் கேட்காது. குண்டு மழையில் வீரர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போவதை மார்ஷல் பெருங்குறையாகவே காண்கிறார். அதே வேளை, பலர் சேர்ந்து இயக்கும் இயந்திரத் துப்பாக்கிகள் ஓயவில்லை என்கிறார். கொலைக் கூச்சம்தான் காரணம் என்றால், அதிகம் பேரைக் கொல்லும் ஆயுதமல்லவா முதலில் அடங்கியிருக்கும்? தோழனின் பார்வைக்குள் இருந்தவன் சுட்டான், அதற்கு வெளியே இருந்தவன் சுடவில்லை என்பதே நூலிலிருந்து நான் பெறும் முடிவு. வீரத்தைத் தனிமனிதக் குணமாக மட்டும் கொண்டால் இது விளங்காது.

கொல்வது குறித்த அச்சத்தை மார்ஷலே குறிப்பிடுகிறாரே என்பார்கள். உண்மை, ஆனால் அது மனநல மருத்துவர்களின் கருத்தைத் தழுவி அவர் தந்த விளக்கமே தவிர, களத்தில் கேட்டறிந்த செய்தி அன்று. தைரியசாலிகளுக்கே இயந்திரத் துப்பாக்கி தரப்பட்டது என்ற வாதமும் உண்டு. இயக்குபவன் விழுந்தால் அருகிலிருப்பவன் கைக்குப் போகும் ஆயுதத்துக்கு அது எவ்வளவு பொருந்தும்?

தோழனின் பார்வை பற்றிய என் முடிவைப் பதக்கப் பட்டியல்களைக் கொண்டு சோதிக்க முடியாது. அமெரிக்காவின் மெடல் ஆஃப் ஆனருக்கு நேரில் கண்டவர் சாட்சியம் வேண்டும். யாரும் காணாதவன் அங்கே இடம்பெற மாட்டான். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள போர்க்கால நேர்காணல்களே மிஞ்சுகின்றன. விழுக்காட்டுச் சண்டையை விட்டுவிட்டு, சுட்டவனுக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்ற கேள்வியோடு ஆய்வாளர்கள் அவற்றைப் படிக்க வேண்டும்.