சலங்கைக்குச் சம்பளம் யார் தருவது?

சென்னை ஜெமினி மேம்பாலத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணம், பக்கத்தில் இருந்த எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்பதைவிட ஃபாக்டரி என்றே சொல்லலாம். இன்றைக்கு ஒரகடத்தில் ஒரு பக்கம் தகடு உள்ளே போய், மறுபக்கம் கார் வெளியே வருகிறதே... கிட்டத்தட்ட அந்த மாதிரி! கதை எழுதுகிறவருக்குக்கூட அங்கே மாதச் சம்பளம்.

1940களின் நடுவில் அங்கே ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தார். உதயசங்கர். சிதார் ரவிசங்கரின் அண்ணன். லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போனவரை, ரஷ்ய பாலே ராணி அன்னா பாவ்லோவா நடனத்துக்கு இழுத்துக்கொண்டார். 1923-ல் பாவ்லோவா ராதை, இவர் கிருஷ்ணன்! பிறகு ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டு, இமயமலை அடிவாரத்து அல்மோராவில் நடனப் பள்ளி தொடங்கினார். அங்கே பரதம் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமோ? நம்ம பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. ஆனால், பணம் போதவில்லை. பள்ளியை மூட வேண்டியதாயிற்று.

அந்த வலியோடுதான் ஜெமினியில் 'கல்பனா' எடுத்தார். ஓர் எழுத்தாளர் சினிமா முதலாளியிடம் கதை சொல்கிறார். கலைக்கூடம் கட்ட அல்லாடும் உதயன் என்ற நடனக்காரனின் கதை. முதலாளிக்கோ வசூல்தான் கவலை! 1948-ல் படம் வெளியானது. நிஜத்திலும் வசூல் இல்லை. அதே வருஷம், அதே ஸ்டுடியோவிலிருந்து வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை ஊரே வாய் பிளந்து பார்த்தது.

'கல்பனா'வில் ஆடிய பெண்களில் லலிதா, பத்மினி என்று திருவனந்தபுரத்துச் சகோதரிகள் இருவர். பத்மினியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெமினியின் கதை இலாகாவில் இருந்த கொத்தமங்கலம் சுப்பு, 1950களில் 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். கோபுலுவின் படங்களோடு வாராவாரம் வந்தது. 1968-ல் அது சினிமாவானபோது மோகனா... அதே பத்மினி!

நாமெல்லாம் சிவாஜியின் நாதஸ்வரத்தையும் வைத்தியாக வந்த நாகேஷின் குறும்பையும் ரசித்துவிட்டு வந்துவிட்டோம். வைத்தி செய்வது சிரிக்கிற வேலையா, சொல்லுங்கள்? பெரிய மனிதர்களுக்கு ஆடுகிற பெண்ணைப் பேசி முடிக்கும் தரகு வேலை. மோகனாவின் அம்மா வடிவாம்பாளும் வசதியான இடம் கிடைத்தால் தேவலை என்றுதான் நினைக்கிறாள். அவளைத் திட்டுவது சுலபம். கால் ஓய்ந்த பிறகு யார் சோறு போடுவார் என்ற கணக்கு அவளுக்குத் தெரியும். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். ஆனால், தலைமுறைகளாக ஆடிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் மாற்றுப் பிழைப்பு எதையும் காட்டவில்லை.

உதயனும் பணக்காரர்களை நம்பித்தான் நிற்கிறான், மோகனாவும் அப்படித்தான். அவனிடம் அவர்கள் வசூல் கணக்குக் கேட்டார்கள். அவளிடம் அவளையே கேட்டார்கள்.

உதயசங்கர் 1977-ல் காலமானார். 2012-ல், புதுப்பிக்கப்பட்ட 'கல்பனா' பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் ஓடியது. அதில் அவரோடு ஆடிய மனைவி அமலா, தொண்ணூறைத் தாண்டிய வயதில், அங்கே போய்ப் படத்தைப் பார்த்தார்.