கருவி பொதுவானபோது: ஆய்வுக்கூடத் தொழில்நுட்ப வல்லுநரின் பணிப்பாதை உருவான வரலாறு

உயர்திறன் மின்னணு நுண்ணோக்கியோ அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் (என்.எம்.ஆர்.) கருவியோ வாங்கப் பல கோடி ரூபாய் வேண்டும். பெரும்பாலான துறைகளால் தமக்கென்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அது மையக் கருவிக்கூடத்துக்குப் போகிறது. வேதியியலாரும் உயிரியலாரும் பொருளறிவியலாரும் மாதிரிகளோடு அங்கே வருகிறார்கள். கருவியை அன்றாடம் இயக்குபவர் ஒருவர் இருக்கிறார். எந்த மாதிரி வெற்றிடத்தில் கெட்டுப்போகும், எந்த அளவீடு கருவியின் குறையால் வந்தது, எது உண்மையான செய்தி என்றெல்லாம் அவர் அறிவார். அவருடைய கைத்திறன் பல முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குள் கரைந்திருக்கும். அவர் பதவி உயர்வு பெறும் வழி என்ன என்று கேட்டால் பெரும்பாலான நிறுவனங்களிடம் தெளிவான பதில் இருப்பதில்லை.

இந்தக் குறைக்கு ஆய்வுலகின் நன்றியின்மையே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். நன்றி எப்போதும் ஓரளவு இருந்தது. தொழில்நுட்பப் பணியாளரை ஒரு காலத்தில் ஒரு பேராசிரியர் ஆதரித்தார். கருவி பொதுவானபோது அந்த ஆதரவாளர் இல்லாமல் போனார். அவரிடத்தில் எழுத்திலான பணிவிதி வந்த இடங்களில் பாதை உருவானது. வராத இடங்களில் இன்றும் இல்லை.

கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்கலாம். எபனேசர் எவரெட் 1887 முதல் ஜே.ஜே. தாம்சனின் உதவியாளராக இருந்தார். கண்ணாடி ஊதுவதில் தேர்ந்தவர். 1897இல் எலெக்ட்ரானை அடையாளம் காட்டிய எதிர்மின்வாய்க் கதிர்க் குழாய்கள் அவர் கைகளில் உருவானவை. தாம்சனுக்குக் கருவிகளைக் கையாளும் நேர்த்தி குறைவு என்றும், நொறுங்கக்கூடியவற்றின் பக்கம் அவர் வராதிருப்பதையே எவரெட் விரும்பினார் என்றும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. எவரெட் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தாம்சனுடனேயே பணியாற்றினார். அவருடைய நிலை, மதிப்பு, பாதுகாப்பு எல்லாம் ஒரு மனிதரோடான உறவில் தங்கியிருந்தன. பணிவிதி என்று எதுவும் தேவைப்படவில்லை, தாம்சன் இருந்தார்.

லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் இதே உறவை ஓர் அமைப்பாக மாற்றினார். இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டும். மிகக் குறைந்த வெப்பநிலையை எட்ட வேண்டுமானால் பம்புகள், அழுத்திகள், வெற்றிடக் கண்ணாடிக் கலங்கள் ஆகியவை நாள்கணக்கில் பிசகாமல் ஓடவேண்டும். அறிவாளி ஒருவரும் உதவியாளர் ஒருவரும் சேர்ந்து செய்கிற வேலை அல்ல அது. ஆகவே கருவி செய்வோரைப் பயிற்றுவிக்க 1901இல் ஒரு சங்கத்தை நிறுவி, ஆய்வுக்கூடத்தையே பள்ளியாக்கினார். மாணவர்கள் பட்டறையில் வேலை செய்தபடியே பாடமும் படித்தார்கள். அணிந்திருந்த உடையை வைத்து அவர்களை ‘நீலப் பையன்கள்’ என்று அழைத்தார்கள். அந்தப் பள்ளி லைடனில் இன்றும் நடக்கிறது.

1908 ஜூலை 10 அன்று முதன்முறையாக ஹீலியம் திரவமானபோது கிடைத்தது சுமார் 60 மில்லிலிட்டர். குளிரூட்டும் சாதனங்களின் பொறுப்பு தலைமைக் கருவியாளர் ஹெரிட் ஃபிளிமிடமும், கண்ணாடி வேலை ஓஸ்கர் கெஸ்ஸல்ரிங்கிடமும் இருந்தன. 1911இல் பாதரசத்தின் மின்தடை திடீரென மறைந்ததைக் கண்டபோதும் குளிர்கலம் ஃபிளிமின் பொறுப்பில்தான் இருந்தது. மின்தடையை அளந்தவர் கில்லஸ் ஹோல்ஸ்ட். மீக்கடத்தல் பற்றிய அவ்வாண்டின் கட்டுரைகளோ ஓன்னஸ் பெயரில் மட்டுமே வெளிவந்தன.

ஹோல்ஸ்ட், ஃபிளிம் இருவரின் பிற்கால வாழ்க்கை இந்த ஆய்வுக்கு முக்கியமானது. ஹோல்ஸ்ட் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர். 1914இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதன் தலைவராக இருந்தார். ஃபிளிம் லைடனிலேயே இருந்தார். அவரை யாரும் மறந்துவிடவில்லை. 1932இல் ஈயத்தாலான வளையத்தில் சுமார் 200 ஆம்பியர் மின்னோட்டம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க, அதைத் திரவ ஹீலியக் கலத்தோடு விமானத்தில் லண்டனுக்குக் கொண்டுபோய் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் காட்டச் செய்தவர் அவர்தான். அத்தகைய பொறுப்பை வேறு யாரிடமும் ஒப்படைத்திருக்க முடியாது. நம்பிக்கையும் புகழும் அவருக்குக் கிடைத்தன. அவர் ஏறிச்செல்லத்தக்க அடுத்த படி லைடனில் இல்லை. பள்ளி கட்டிய ஓன்னஸ், படித்து வெளிவந்தவர்களுக்குப் பதவி அடுக்கு ஒன்றைக் கட்டவில்லை.

நம் பக்கத்திலும் இந்த உறவின் செம்மையான வடிவம் ஒன்று உண்டு. 1907இல் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்குள் சி.வி. ராமன் நுழைந்தபோது அங்கே அவரை வரவேற்றவர் உதவியாளர் ஆசுதோஷ் தே. ராமன் அவரைக் கூட்டாசிரியராக்கினார். நீர்த்துளி விழும் ஓசை பற்றி 1920இல் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. ஓன்னஸ் செய்யாததை ராமன் செய்தார். ஆனாலும் இது ராமன் என்ற தனிமனிதரின் பெருந்தன்மை. கழகத்தின் விதி அல்ல.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கருவிகள் ஒரு பேராசிரியரின் கைக்கு அடங்காத அளவுக்குப் பெருத்தன. 1954இல் உருவான செர்ன் ஆய்வுமையம் தொடக்கம் முதலே பல நாடுகளுக்குப் பொது. பொறியாளர்களையும் தொழில்நுட்பர்களையும் மையத்தின் சொந்தப் பணியாளர்களாக நியமித்தார்கள். இயற்பியலாளர் பலர் தத்தம் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்துபோனார்கள். 1956இல் அங்கே சேர்ந்த சீமோன் வான் டெர் மேர் டெல்ஃப்டில் படித்த பொறியாளர். முனைவர் பட்டம் இல்லாதவர். துகள்கற்றையின் சிதறலைக் குறைக்கும் வழி 1968இல் அவருக்குத் தோன்றியது. உள் அறிக்கையாக அதை எழுதியது 1972இல். நான்கு ஆண்டுகள் ஓர் எண்ணத்தை வெளியிடாமல் வைத்திருந்தும் அவர் வேலைக்கு ஆபத்து வரவில்லை. கட்டுரை எண்ணிக்கையை வைத்து அவரை அளந்திருந்தால் அந்த எண்ணம் பிழைத்திருக்குமா என்பது ஐயமே. 1984இல் கார்லோ ருபியாவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிலையான பணி என்பது சலுகை அல்ல, இத்தகைய அறிவு முதிர்வதற்குத் தேவையான கால அவகாசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பணிவிதி வழியே இதை நாடு முழுமைக்கும் விரித்தது பிரான்சு. 1939இல் நிறுவப்பட்ட தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையமான சி.என்.ஆர்.எஸ். அமைப்பில் ஆய்வாளர் ஒரு தொகுதி. பொறியாளர், தொழில்நுட்பர், நிர்வாகப் பணியாளர் மற்றொரு தொகுதி. 1982 ஜூலையின் ஆராய்ச்சிச் சட்டமும் 1983 டிசம்பரின் அரசாணையும் இரு தொகுதியினரையும் அரசு ஊழியராக்கின. இரண்டாம் தொகுதிக்குள் தொழில்நுட்பர், உதவிப் பொறியாளர், ஆய்வுப் பணிப் பொறியாளர் எனப் படிநிலைகள் உண்டு. போட்டித் தேர்வு எழுதி நுழையலாம். உள்ளே இருப்பவர் உள்தேர்வு வழியே மேலே போகலாம். அதன் உச்சியில் நிற்கும் ஆராய்ச்சிப் பொறியாளர் ஒரு கருவி மேடையையே நிர்வகிக்கலாம், பேராசிரியராக வேண்டியதில்லை. 1992 முதல் இத்தொகுதியினருக்கென்றே ‘படிகப் பதக்கம்’ வழங்கப்படுகிறது. பதக்கம் வந்தது பதவி அடுக்குக்குப் பின்னர்தான். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. பல நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கின்றன. பிரான்சிலும் எல்லாம் சீராக இல்லை. 2005இல் தேசிய ஆராய்ச்சி நிதி முகமை வந்தபின் திட்ட நிதியில் குறுகிய கால ஒப்பந்தப் பணி பெருகியது. படிகள் அப்படியே இருக்கின்றன. முதல் படியில் கால் வைக்கக் கிடைக்கும் இடங்கள்தாம் குறைந்தன.

அமெரிக்கா எதிர்த் திசையில் சென்றது. தேசிய சுகாதார நிறுவனங்களின் பகிர்வுக் கருவி மானியம் 1982இல் தொடங்கியது. பிரான்சின் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். அமெரிக்க மானியம் கருவியை வாங்கித் தந்தது. இயக்குபவரின் சம்பளத்தைத் தரவில்லை. அந்தச் செலவைப் பல்கலைக்கழகமும், பயனர் மணிக்கணக்கில் செலுத்தும் கட்டணமும் ஏற்க வேண்டியதாயிற்று. இதனால் ஒரு முரண் உண்டானது. கருவி ஓடும் மணிநேரத்தில் பணம் வருகிறது. இளம் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்திலும் புதிய முறையைச் சோதித்துப் பார்க்கும் நேரத்திலும் வருவதில்லை. வல்லுநரை வல்லுநராக்கும் வேலையே கணக்கில் நட்டமாகத் தெரிகிறது.

ஜெர்மனியின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், தகுதி வளர்ப்பதற்கான தற்காலிக அறிவியல் பணியை முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு ஆண்டுகள் என வரையறுத்தது. மருத்துவத்துக்கு மட்டும் பின்னதில் கூடுதல் காலம் உண்டு. பேராசிரியர் பதவியை நோக்கிப் போகிறவரை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம் இது. நுண்ணோக்கிக் கூடத்தில் அறிவியல் பணியாளராக நியமிக்கப்பட்டவருக்கும் அதே கடிகாரம் ஓடுகிறது. நிரந்தரப் பணியிடம் இல்லையென்றால், கருவியை முழுமையாக அறிந்த வேளையில் அவர் வெளியேற நேர்கிறது.

ஹைடல்பர்க்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நடந்ததையும் இங்கே சேர்க்கவேண்டும். தண்ணீரைப் படிகமாகவிடாமல் கண்ணாடிபோல் உறையச் செய்யும் முறையை 1981இல் அறிவித்த கட்டுரைக்கு இரண்டே ஆசிரியர்கள்: ஜாக் துபோஷே, அலஸ்டேர் மெக்டவல். இம்முறையைப் பயன்படுத்தும் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியியல் 2017இல் நோபல் பெற்றபோது துபோஷே அதைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். மெக்டவல் நுண்ணோக்கிப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கட்டுரையில் பெயர் இடம்பெறுவது நீதி. ஆனால் அதுவே பணிப்பாதை ஆகிவிடுவதில்லை. கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று குறிக்கும் பதினான்கு பங்களிப்பு வகைகள் 2022இல் அமெரிக்கத் தரநிலையாகவே ஏற்கப்பட்டதையும் இந்த அளவிலேயே மதிப்பிட வேண்டும்.

பிரிட்டனில் 2017இல் ‘தொழில்நுட்பர் உறுதிமொழி’ தொடங்கியது. கண்ணுக்குத் தெரிதல், அங்கீகாரம், பணி வளர்ச்சி, திறன் தொடர்ச்சி ஆகிய நான்கிலும் நடவடிக்கை எடுப்பதாகப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திடுகின்றன. செயல்திட்டம் எழுதித் தன்மதிப்பீடு செய்ய வேண்டியிருப்பதால் இது வெறும் பாராட்டைத் தாண்டியது. ஆனால் கையெழுத்திடுவது விருப்பத்தின்பாற்பட்டது. பிரெஞ்சு அரசாணையின் வலு இதற்கு இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1970களின் நடுவில் அறிவியல் தொழில்நுட்பத் துறை வட்டாரக் கருவி மையங்களை நிறுவத் தொடங்கியது. சென்னை ஐஐடி வளாகத்தில் அமைந்தது அவற்றுள் முன்னோடி. பின்னாளில் இவை ‘சைஃப்’ என்ற பெயர் பெற்றன. தமிழகத்தின் சிறு கல்லூரியில் ஆய்வு செய்பவரும் தம் மாதிரியை அனுப்பி நிறமாலை பெற இம்மையங்களே வழிசெய்தன. அந்தப் பணியின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். 2020 ஜனவரியில் ‘ஐ-ஸ்டெம்’ தளம் நாட்டிலுள்ள கருவிகளின் பட்டியலைப் பொதுவில் வைத்தது. ‘ஸ்துதி’ திட்டம் பயனருக்குக் குறுகிய காலப் பயிற்சி தருகிறது. கருவியின் பகிர்வுக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டு நெறிகள் 2022இல் வந்தன.

கருவிக்கும் பயனருக்கும் இவ்வாறு கொள்கைகள் வந்தபின், நடுவில் நிற்பவரின் நிலையைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் தேடவேண்டும். பணி மேம்பாட்டுத் திட்டத்தில் ஆசிரியர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார், உடற்கல்வி இயக்குநரும் இருக்கிறார். நூலகரைக் கல்விப் பணியாளராக ஏற்றது சரியான முடிவு; நூல்களுக்குப் பொறுப்பானவர் அறிவுப்பணி செய்கிறார் என்று அது ஒப்புக்கொள்கிறது. நிறமாலைமானிக்குப் பொறுப்பானவருக்கு அந்தத் தொடரில் இடமில்லை. அவர் ஆசிரியரல்லாத ஊழியராகக் காலியிடத்தை எதிர்பார்த்திருக்கிறார். அல்லது திட்டம் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்து போகிறார்.

மாற்று வழி நாட்டுக்குள்ளேயே நடப்பில் இருக்கிறது. அணுசக்தித் துறையில் தகுதி மதிப்பீட்டின் பேரில் பதவி உயர்வு உண்டு. மேலே காலியிடம் விழக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தவர் அறிவியல் அலுவலராக உயரலாம். சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களிலும் தொழில்நுட்பப் பிரிவுக்கெனத் தனி மதிப்பீட்டு முறை உண்டு. கல்பாக்கத்தில் இருக்கும் ஒரு தொழில்நுட்பருக்குள்ள வழி, கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தொலைவில் சென்னைப் பல்கலைக்கழகக் கருவிக்கூடங்களில் அதே வேலை செய்பவருக்கு இல்லை. மானியக் குழுவின் அடுத்த விதித்தொகுப்பில் நூலகரை அடுத்துக் கருவி வல்லுநரையும் சேர்ப்பதற்கும், அவருடைய மதிப்பீட்டில் கட்டுரை எண்ணிக்கைக்குப் பதிலாகப் பயனருக்கு அளித்த பயிற்சி, உருவாக்கிய முறை, கருவியைச் செயல்நிலையில் வைத்திருந்த காலம் ஆகியவற்றை எழுதுவதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.