ஸ்ரார்பைற்றர்: ஒரு போர் விமானக் கொள்வனவின் அரசியலும் விலையும்

ஓர் அரசு போர் விமானங்களை வாங்கும்போது அவற்றின் விலை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்படுகின்றது. ஆயினும், அப்பத்திரத்திற் காணப்படும் தொகை முழு விலையன்று. விமானிகளின் பயிற்சி, பராமரிப்பு, உதிரிப்பாகங்கள், ஓடுபாதைகள், கொட்டகைகள் என்பவற்றுக்கான செலவு பின்னர் ஆண்டுதோறும் வந்துசேர்கின்றது. அதற்கும் அப்பால், கணக்கேடுகளில் இடம்பெறாத செலவொன்றும் உண்டு; அது மனித உயிர். இம்மூவகை விலைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வதற்கு, மேற்கு ஜேர்மனி எவ்-104 ஸ்ரார்பைற்றர் விமானங்களை வாங்கிய வரலாற்றினைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிதாகவே கிடைக்கும்.

இவ்விமானத்தை உற்பத்தி செய்த லொக்ஹீட் நிறுவனம் வெளிநாட்டுப் பிரமுகர்களுக்கு இலஞ்சம் வழங்கிய செய்தி, 1975, 1976ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்க செனற் சபையின் உபகுழுவொன்றின் விசாரணைகளில் வெளிவந்தது. அன்று தொட்டு ஸ்ரார்பைற்றரின் கதை ஓர் ஊழற் கதையாகவே பெரிதும் நினைவுகூரப்பட்டு வருகின்றது. கொடுத்தவரையும் வாங்கியவரையும் இனங்கண்டுவிட்டால் நிகழ்ந்தவை யாவும் விளக்கம் பெற்றுவிடும் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணம் எத்துணை போதுமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானத்தின் தோற்றம்

ஸ்ரார்பைற்றர், கொரிய யுத்தத்தின் பேறாகும். லொக்ஹீட் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரான கெலி ஜோன்சன் 1951இன் இறுதியிற் கொரியாவுக்குச் சென்று, அங்கு போரிட்ட அமெரிக்க விமானிகளைச் சந்தித்தார். சோவியத் மிக் விமானங்களிலும் பார்க்க விரைவாகவும் உயரமாகவும் பறக்கவல்ல ஒரு விமானமே அவர்களின் வேட்கையாயிருந்தது. அவ்வேட்கைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்ட முதல் விமானம் 1954 மார்ச் மாதத்திற் பறந்தது. ஏறத்தாழ 17 மீற்றர் நீளமான உடலுக்கு, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7 மீற்றருக்கும் குறைவான இறக்கைகளே பொருத்தப்பட்டிருந்தன. அவ்விறக்கைகளின் முன்விளிம்பு மிகவும் கூரியதாக அமைந்தமையால், தரையிற் பணிபுரிவோர் காயமடையாதிருப்பதற்கு அதற்கு உறையிட வேண்டியிருந்தது. 1958 மே மாதத்தில் இவ்விமானம் உயரத்துக்கும் வேகத்துக்குமான உலக சாதனைகளை ஒருசேர நிலைநாட்டியது.

ஆயின், சாதனை வேறு, பயன்பாடு வேறு. குறைந்த தூரமே பறக்கவல்லதும், சிறிதளவு ஆயுதமே சுமக்கவல்லதுமான இவ்விமானம் ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் தேவைகளுக்குப் பொருந்தவில்லை. 700க்கு மேற்பட்ட விமானங்களை வாங்கத் திட்டமிட்டிருந்த அப்படை, இறுதியில் 300க்கும் குறைந்த தொகையினையே பெற்றுக்கொண்டது. பெருமுதலிட்டு உருவாக்கிய ஒரு பொருளுக்குத் தாயகத்துச் சந்தை சுருங்கிவிட்ட நிலையில், அதனை வெளிநாடுகளில் விற்பது லொக்ஹீட் நிறுவனத்துக்கு இன்றியமையாததாயிற்று. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இப்பொருளாதார உண்மை முதற்கண் மனங்கொள்ளத்தக்கது.

மேற்கு ஜேர்மனியின் தெரிவு

இரண்டாம் உலகப் போரிற் தோல்வியுற்ற ஜேர்மனியிற் பத்தாண்டு காலம் விமானப்படை இருக்கவில்லை. 1955இல் மேற்கு ஜேர்மனி நேட்டோவில் இணைந்ததை அடுத்து, 1956இற் புதிய விமானப்படை தோற்றுவிக்கப்பட்டது. அதே ஆண்டிற் பாதுகாப்பு அமைச்சராகப் பதவியேற்ற பிரான்ஸ் ஜோசப் ஸ்ட்ராவுஸ், தம் நாடு கூட்டணியில் இரண்டாந்தர உறுப்பினராக இருத்தலாகாது என்னும் உறுதியுடையவர். அணுவாயுத யுகத்தில் முதல் தர உறுப்புரிமை என்பது, அணுகுண்டைக் கொண்டுசெல்லும் ஆற்றலையே குறித்தது. 1957 ஏப்ரலில் ஒட்டோ ஹான், மக்ஸ் போர்ன், ஹைசன்பேர்க் முதலிய 18 பௌதிகவியலாளர்கள் மேற்கு ஜேர்மனி அணுவாயுதம் பூணுவதை எதிர்த்து அறிக்கை விடுத்தனர். அடுத்த ஆண்டில் தொழிற்சங்கங்களும் சமூக ஜனநாயகக் கட்சியினரும் வீதிக்கு இறங்கினர். எனினும், 1958 மார்ச் மாதத்திற் பாராளுமன்றப் பெரும்பான்மை, நேட்டோவின் அமைப்புக்குட் படைகளை அத்தகைய ஆயுதங்களுக்கேற்பச் சித்தப்படுத்த இசைந்தது.

இத்தீர்மானத்தின் பின்னரே விமானத் தெரிவு இடம்பெற்றது என்பது ஈண்டு கவனத்திற்குரியது. பிரான்சின் மிராஜ் விமானமும், அமெரிக்கக் கிரம்மன் நிறுவனத்தின் விமானமும் போட்டியில் இருந்தன. ஸ்ரார்பைற்றரே தெரிவுசெய்யப்பட்டு, 1959 மார்ச் 18ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. நண்பகல் வெளிச்சத்தில், தெளிந்த வானில், மிக உயரத்தில் எதிரியை இடைமறிப்பதற்கென உருவாக்கப்பட்ட விமானம், இப்பொழுது எல்லாக் காலநிலையிலும் இடைமறிக்கவும், குண்டு வீசவும், உளவு பார்க்கவும், தாழப் பறந்து அணுகுண்டைச் சுமந்து செல்லவும் வேண்டியதாயிற்று. இதன்பொருட்டு உடற்பகுதி வலுவூட்டப்பட்டது, புதிய ராடரும் வழிகாட்டும் கருவிகளும் ஏற்றப்பட்டன, நிறை கூடியது. அந்நிறையைத் தாங்கவேண்டிய இறக்கைகளோ அதே சிறிய இறக்கைகளாகவே இருந்தன. அக்குண்டுகள் அமெரிக்கரின் காவலிலேயே இருந்தன என்பது இதிலுள்ள முரண். விமானம் ஜேர்மனியருடையது, அதன் தலையாய பணிக்குரிய திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தது.

இத்தெரிவுக்குப் பொருளாதார நியாயங்களும் இருந்தன. லொக்ஹீட் வழங்கிய உரிமத்தின்படி மேற்கு ஜேர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகள் இவ்விமானத்தைக் கட்டின. போரின் பின் முடங்கிக் கிடந்த மெசர்ஸ்மிற், ஹைங்கல் போன்ற நிறுவனங்கள் நவீன தொழினுட்பத்தைப் பெற்றன. மறுபுறம், மேற்கு ஜேர்மனியில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படைகளுக்கான டொலர்ச் செலவினை ஈடுசெய்யும் பொருட்டு, அமெரிக்க ஆயுதங்களை வாங்குவதென 1961இல் இரு அரசுகளுக்குமிடையில் உடன்பாடு ஏற்பட்டது. இவ்வாறாக அணுவாயுத வேட்கை, கைத்தொழில் மூலதனத்தின் நலன், கூட்டணியின் நிதி நெருக்குதல் ஆகிய மூன்றும் ஒரே விமானத்தின்மீது குவிந்தன. காலப்போக்கில் மேற்கு ஜேர்மனி பெற்ற ஸ்ரார்பைற்றர்களின் தொகை 916 ஆயிற்று. உலகில் உற்பத்தியான 2,578 விமானங்களுள் இது மூன்றிலொரு பங்குக்கும் அதிகமாகும்.

வீழ்ச்சிகளின் வரலாறு

1962 ஜூன் 19ஆம் திகதி, நோவெனிக் தளத்திற் புதிய விமானத்தின் அறிமுக வைபவத்துக்காக ஒத்திகை பார்த்த நான்கு ஸ்ரார்பைற்றர்கள் ஒன்றாக நிலத்தில் மோதின. நான்கு விமானிகளும் மாண்டனர். 1965, 1966ஆம் ஆண்டுகளில் விபத்துகள் உச்சமடைந்தன. விதவைகளை உருவாக்கும் விமானம் என மக்கள் இதற்குப் பெயரிட்டனர். ஸ்ரார்பைற்றர் ஒன்று வேண்டுமாயின் ஒரு துண்டு நிலத்தை வாங்கிவிட்டுக் காத்திருந்தாற் போதும் என்னும் கசப்பான பகிடி நாடெங்கும் வழங்கியது. பயன்பாட்டுக் காலம் முடிவுற்றபோது 292 விமானங்கள் அழிந்திருந்தன; 116 விமானிகள் உயிரிழந்திருந்தனர். இவர்களுள் அமெரிக்க விமானிகள் சிலரும் அடங்குவர்.

இவ்விழப்புகளுக்கு விமானத்தின் அமைப்பு மட்டுமே காரணமெனக் கூறுதல் பொருந்தாது. இருபத்தொரு ஸ்ரார்பைற்றர்களை வைத்திருந்த ஸ்பெயின், அவற்றுள் ஒன்றைத்தானும் விபத்தில் இழக்கவில்லை. 230 விமானங்களைப் பெற்ற யப்பான், ஏறத்தாழ கால் நூற்றாண்டுப் பயன்பாட்டில் 36 விமானங்களையே இழந்தது. இவ்விரு நாடுகளும் வான்பாதுகாப்புப் பணிக்கே இதனைப் பயன்படுத்தின. தாழப் பறந்து தாக்கும் பணிக்கு இதனை ஈடுபடுத்திய கனடாவோ, தன் விமானங்களில் ஏறத்தாழ அரைவாசியை இழந்தது. அக்கால ஜெட் விமானங்கள் பலவும் அடிக்கடி வீழ்ந்தன என்பது உண்மையே. ஆயினும், பணி மாறியபோது இழப்பும் மாறியமை இவ்வொப்பீட்டினாற் புலனாகின்றது.

மேற்கு ஜேர்மனியின் நிலைமைகள் இவ்விடரை மேலும் பெருக்கின. பத்தாண்டு காலம் பறக்காதிருந்த பழைய விமானிகளும் அனுபவமற்ற இளைஞர்களும், எளிய விமானங்களிலிருந்து திடீரெனச் சிக்கலான பொறியொன்றுக்கு மாறினர். அரிசோனாப் பாலைவனத்தின் தெளிந்த வானிற் பயிற்சி பெற்றோர், முகிலும் மழையும் நிறைந்த வட ஐரோப்பிய வானுக்குத் திரும்பினர். தேர்ந்த பொறிவினைஞர் போதவில்லை. கொட்டகைகள் போதாமையால், நுண்ணிய மின்னணுக் கருவிகள் பொருந்திய விமானங்கள் மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் நின்றன. விமானத்தை வாங்குவதற்குக் காட்டிய அவசரம், அதனைப் பேணுவதற்குக் காட்டப்படவில்லை.

படையினுள்ளிருந்தே எச்சரிக்கைகள் எழுந்தன. உலகப் போரில் 352 எதிரி விமானங்களை வீழ்த்தியவரெனப் பதியப்பட்ட எரிக் ஹார்ட்மன், இவ்விமானம் அப்படைக்கு ஏற்றதன்று எனக் கருதினார். 1966 ஆகஸ்டில் விமானப்படைத் தலைவர் வேர்னர் பனிற்ஸ்கி, இக்கொள்வனவு ஓர் அரசியல் முடிவே எனப் பகிரங்கமாகக் கூறிப் பதவியிழந்தார். அவருக்குப் பின்வந்த ஜொஹனஸ் ஸ்ரைன்ஹொவ் பயிற்சியைச் சீர்ப்படுத்தி, தாழ்ந்த உயரத்திலும் விமானியை வெளியேற்றவல்ல பிரித்தானிய இருக்கைகளைப் பொருத்துவித்தார்; விபத்துகள் குறைந்தன. செய்யக்கூடியதாயிருந்த ஒன்று, பலர் மாண்ட பின்னரே செய்யப்பட்டது. 1963 முதல் 1966 வரை பாதுகாப்பு அமைச்சராயிருந்து இவ்விமானத்தை ஆதரித்து நின்ற கை-உவே வொன் ஹசல் 1970இற் பாராளுமன்றத் தலைவராயிருந்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், கடற்படை விமானியாயிருந்த அவருடைய மகன் ஸ்ரார்பைற்றர் விபத்தொன்றில் உயிரிழந்தார்.

இலஞ்சமும் அதற்கு அப்பாலும்

லொக்ஹீட் நிறுவனம் 1975இல், குறைந்தது 22 மில்லியன் டொலரை வெளிநாட்டு அதிகாரிகளுக்கு வழங்கியதாக ஒப்புக்கொண்டது. ஸ்ரார்பைற்றர் தொடர்பில் நெதர்லாந்தின் இளவரசர் பேர்ன்ஹாட்டின் பெயர் முதன்மை பெற்றது. படைகளின் பரிசோதகர் நாயகமாயிருந்த அவருக்கு 1960களின் தொடக்கத்தில் 11 இலட்சம் டொலர் வழங்கப்பட்டதெனக் கூறப்பட்டது. 1976இல் அரசு நியமித்த ஆணைக்குழு அவரது நடத்தையைக் கண்டித்தது. அவர் தம் பதவிகளைத் துறந்தார். ஆயின் வழக்குத் தொடரப்படவில்லை. பணம் பெற்றதை அவர் ஒப்புக்கொண்ட நேர்காணல், அவர் மறைந்த பின்னர் 2004இலேயே வெளியாயிற்று. யப்பானில், 1958இற் கிரம்மன் விமானத்துக்குச் சாதகமாயிருந்த முடிவு 1959இல் ஸ்ரார்பைற்றருக்குச் சாதகமாக மாறியது. திரைமறைவுச் செல்வாக்குடைய யொஷியோ கொடாமா லொக்ஹீட்டுக்காகப் பணியாற்றியமை பின்னர் வெளிப்பட்டது. முன்னாட் பிரதமர் தனாகா 1983இற் தண்டனை பெற்றது பயணிகள் விமான விற்பனை தொடர்பிலாகும். மேற்கு ஜேர்மனியில், ஸ்ட்ராவுஸின் கட்சி பணம் பெற்றதென லொக்ஹீட்டின் முன்னாள் ஊழியரொருவர் குற்றஞ்சாட்டினார். ஸ்ட்ராவுஸ் அதனை மறுத்தார், குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை.

இவ்விடத்திலேயே நமது வினாவுக்கான விடையைத் தேடவேண்டும். ஒரு ஸ்ரார்பைற்றரின் விலை அக்காலத்தில் ஏறத்தாழ 14 இலட்சம் டொலராகும். இளவரசர் பெற்ற தொகை ஒரு விமானத்தின் விலைக்கும் குறைந்தது. ஆயின், மேற்கு ஜேர்மனி இழந்தவை 292 விமானங்கள். ஒரு சதமேனும் கைமாறவில்லை எனக் கொண்டாலும், அணுகுண்டைச் சுமக்கும் பணி அதே விமானத்துக்கு விதிக்கப்பட்டிருக்கும். அதே சிறிய இறக்கைகளின்மீது அதே நிறை ஏற்றப்பட்டிருக்கும். அதே இளைஞர்கள் அதே முகில்களுக்குட் பறந்திருப்பர். இலஞ்சம் விற்பனையை எளிதாக்கியிருக்கலாம். அழிவுக்கு வித்திட்டவையோ அமைச்சரவையிலும் பாராளுமன்றத்திலும் முறைப்படி, சட்டத்துக்கு அமைய எடுக்கப்பட்ட முடிவுகளாகும். இலஞ்சத்துக்கெதிராக ஐக்கிய அமெரிக்கா 1977இற் சட்டம் இயற்றியது, அது வரவேற்கத்தக்கதே. ஆயின், ஒரு பொறியினால் இயலாத பணியை அதற்கு விதித்தவர்களை விசாரிக்க எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஊழலைப் பற்றிய ஆரவாரம் இப்பெரிய பொறுப்பினை மறைத்துவிட்டது எனலாம்.

முடிவுரை

ஸ்ரார்பைற்றர் 1987இல் மேற்கு ஜேர்மன் படைப்பிரிவுகளிலிருந்து விலக்கப்பட்டது. இத்தாலி 2004 வரை அதனைப் பயன்படுத்தியது. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது ருஷ்யா முழுமையான படையெடுப்பை மேற்கொண்டதை அடுத்து, ஜேர்மனி தன் படைகளுக்கென 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியினை ஒதுக்கியது. அதே ஆண்டில், 35 எவ்-35 விமானங்களை வாங்க ஏறத்தாழ 1,000 கோடி யூரோவுக்குப் பாராளுமன்றக் குழுவின் ஒப்புதல் கிடைத்தது. விற்பனையாளர், லொக்ஹீட் நிறுவனத்தின் வழிவந்த லொக்ஹீட் மார்ட்டின். அமெரிக்கரின் காவலிலுள்ள அணுகுண்டுகளைச் சுமந்து செல்லும் பணியை முதுமையடைந்த ரொனேடோ விமானங்களிடமிருந்து ஏற்பதே இவ்விமானத்துக்கு வகுக்கப்பட்ட முதன்மைப் பணியாகும்.

இதனைக் கொண்டு வரலாறு அப்படியே மீள்கின்றது எனத் துணிதல் ஆய்வு நெறிக்கு ஏற்றதன்று. விமானம் வேறு, காலம் வேறு, விமானிகளின் பயிற்சியும் வேறு. ஆயினும், பணியை முதலில் அரசியல் வகுக்க, அதற்கேற்ற பொறியைப் பின்னர் தேடும் ஒழுங்கு மாறவில்லை. ஆகவே, இத்தகைய கொள்வனவு எந்நாட்டிற் பேசப்படினும், யார் எவ்வளவு பெற்றார் என்னும் வினாவுடன் மக்கள் நின்றுவிடலாகாது. இவ்விமானம் எப்பணிக்கென உருவாக்கப்பட்டது, எப்பணிக்கென வாங்கப்படுகின்றது, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை யார் தம் உயிரால் நிரப்பப் போகின்றனர் என்னும் வினாக்களை ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் எழுப்புதல் வேண்டும். மேற்கு ஜேர்மனியில் இவ்வினாக்களை எழுப்பிய விமானிகள் இருந்தனர். அவர்களுக்குச் செவிசாய்ப்பதற்கு முன்னரே ஒப்பந்தம் முடிந்திருந்தது.