‘மாற்றுத்திறனாளி’: ஒரு பெயர் வந்த வழி

‘ஊனம்’ என்பது கழித்தல் கணக்குச் சொல். வடமொழியில் ‘ஊன’ என்றால் குறைந்த என்று பொருள். பத்தொன்பதை அங்கே ‘ஊனவிம்சதி’ என்பார்கள். ஒன்று குறைந்த இருபது. தசையைக் குறிக்கும் நம் ‘ஊன்’ வேறு, இது வேறு. ஒருவரை ஊனமுற்றவர் என்று சொன்னபோதெல்லாம் முழு ஆளிலிருந்து எதையோ கழித்துவிட்டுத்தான் பேசியிருக்கிறோம். மருத்துவச் சான்றிதழில் அந்தக் கணக்கு இன்னும் ஓடுகிறது. ஊனம் 40 விழுக்காடாவது இருந்தால்தான் அரசு வேலை ஒதுக்கீட்டில் இடம்.

பழந்தமிழில் இதற்கு ‘எச்சம்’ என்று பெயர். பார்வையின்மை, காது கேளாமை உள்ளிட்ட எட்டினை எச்சம் என்று புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் தொகுக்கிறார். பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கண வகுப்பில் படித்த அதே சொல்தான்: முற்றுப்பெறாதது. அதே உறையூரைச் சேர்ந்த இன்னொரு புலவர் ஏணிச்சேரி முடமோசியார். கால் முடமானதால் வந்த பெயர் என்பார்கள். முடமும் முடங்குதலும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் மோசியார் முடங்கிக் கிடக்கவில்லை. வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடினார். பாட்டே அவருக்குப் பிழைப்பு. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

2010இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, ‘மாற்றுத்திறனாளிகள் நலத்துறை’ என்ற பெயர் வந்தது. அரசாணையில் நுழைந்த சொல் சில ஆண்டுகளிலேயே பேருந்து இருக்கையின் மேலும் ஏறிவிட்டது. இதில் ‘மாற்று’ என்ற பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. கணக்கு எழுதும் மூளை எல்லாருக்கும் ஒன்றுதானே, அதில் மாற்று எங்கே வந்தது? ஆனால் ‘ஆளி’ அருமையான விகுதி. தொழிலாளி, பங்காளி, பாட்டாளி என்று ஒன்றைக் கையில் வைத்து ஆள்பவருக்கு உரியது. கழித்தல் போய், முதல் தடவையாக உடைமை வந்தது.

அந்த உடைமைக்கு வேலை கிடைத்ததா என்பதுதான் கேள்வி. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் 3 விழுக்காடு தந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கி, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயம் இல்லை. 5 விழுக்காடு பேரையாவது வேலைக்கு எடுக்கட்டும் என்று ஊக்கச் சலுகை பற்றி மட்டும் அது பேசுகிறது. அந்தச் சட்டத்தில் நான் அடிக்கோடிட்ட சொல் ‘தடை’. உடலின் குறை, வெளியே இருக்கும் தடைகளோடு மோதும்போதுதான் ஒருவரால் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் போகிறது என்கிறது அதன் விளக்கம். அப்படியானால் மாடிப்படியும் ‘மாற்றுத்திறனாளி’ என்ற பெயருக்குள் அடக்கம்.

என் நண்பர் ஒருவர் சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். காலிப்பர் போட்டு நடப்பார். பி.காம். முடித்து, டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர். ஓர் அலுவலகத்தில் நேர்காணல், இரண்டாம் மாடி, லிப்ட் கிடையாது. கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறி, சட்டை நனைந்து போய் உட்கார்ந்தார். உள்ளே நல்ல மரியாதை. “நீங்க மாற்றுத்திறனாளிதானே சார்?” என்று தொடங்கி, “பஸ்ல எப்படி வருவீங்க?”, “மழைன்னா என்ன செய்வீங்க?”, “பாத்ரூம் கீழே இருக்கே, பரவாயில்லையா?” என்று கேட்டார்கள். வரவு செலவு பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

இப்போது வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் நாலைந்து மளிகைக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுத் தருகிறார். வாசலில் தகரப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறார். பெயருக்குக் கீழே என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவரே பென்சிலால் எழுதிக் காட்டினார்: ‘கணக்காளர்’.